புதுசா டீம் லீட் ஆனவங்களுக்கு: டீமுக்கு உங்களைப் பிடிக்கணுமா? முதல் 90 நாள்ல செய்ய வேண்டியது

நான் ஒரு டீம்ல நாலு வருஷம் வேலை பார்த்துட்டு அதே டீமுக்கே லீட் ஆனவ. எனக்குக் கீழ எட்டு பேர், எட்டு பேருமே நேத்து வரைக்கும் என்கூட உக்காந்து மேனேஜரைத் திட்டினவங்க. முதல் ஆறு மாசம் எல்லாருக்கும் என்னைப் பிடிக்கணும்னு ஓடினேன், கேட்ட லீவெல்லாம் கொடுத்தேன், லேட்டா வந்த வேலையை ராத்திரி உக்காந்து நானே முடிச்சுக் கொடுத்தேன், அப்ரைசல்ல எல்லாருக்கும் ஒரே ரேட்டிங் போட்டேன். டீம்லயே நல்லா வேலை பார்க்கிற ரெண்டு பேர் ஒரே மாசத்துல பேப்பர் போட்டுட்டாங்க, அதாவது வேலையை ராஜினாமா பண்ணிட்டாங்க. பயந்து போய் அடுத்த நாலு மாசம் அப்படியே எதிர்ப்பக்கம் சாஞ்சு விறைப்பா நடந்துக்கிட்டேன், அப்போ யாரும் பேப்பர் போடல, ஆனா யாரும் எதையும் என்கிட்ட சொல்லவும் இல்ல. ஒரு பெரிய தப்பு மூணு பேருக்குப் பத்து நாளா தெரிஞ்சிருக்கு, எனக்கு கிளையண்ட் மெயில் வந்தப்புறம்தான் தெரியும்.

இந்தப் பத்து மாசம் உங்களுக்கும் வேணாம்னுதான் இதை எழுதறேன். வரிசையாப் போங்க, 2வது படியை மட்டும் தயவுசெஞ்சு தாண்டாதீங்க.

1. பிடிச்சிருக்கிறதால என்ன லாபம்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

"நான் ஃப்ரெண்ட் பிடிக்க வரல, வேலை வாங்க வந்திருக்கேன்"னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, கேக்க கெத்தாத்தான் இருக்கும். ஜாக் ஜெங்கர், ஜோசப் ஃபோக்மேன்னு ரெண்டு தலைமைப் பயிற்சி ஆலோசகர்கள் 2013ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க. மொத்தம் 51,836 லீடர்களுக்குக் கூட வேலை பார்க்கிறவங்க போட்ட மார்க்கை எடுத்துப் பார்த்தா, பிடிக்கிற விஷயத்துல கடைசி கால்வாசியில இருந்துக்கிட்டே தலைமைத் திறமையில முதல் கால்வாசிக்குள்ள வந்தவங்க வெறும் 27 பேர். சுமாரா ரெண்டாயிரத்துக்கு ஒருத்தர். அந்த ஒருத்தர் நாமதான்னு நினைச்சுக்கிறது ரிஸ்க். ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு, நல்லா வழிநடத்தினதாலதான் ஆளையே பிடிச்சுப் போச்சோ என்னவோ, எது முதல்ல வந்துச்சுன்னு இந்தக் கணக்கு சொல்லாது. என் அனுபவத்துல ரெண்டும் மாறி மாறித்தான் வருது.

நேரடி லாபம் எங்கன்னா, தகவல் வந்து சேர்றதுலதான். டிசியானா காசியாரோ, மிகெல் சூசா லோபோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2005ல எழுதினதுல இது தெளிவா இருக்கு: கூட வேலை பார்க்க யாரு வேணும்னு கேட்டா எல்லாரும் திறமைசாலிதான் வேணும்னு சொல்வாங்களாம், ஆனா நிஜத்துல ஆளைப் பிடிக்கலைன்னா அவருக்கு எவ்வளவு தெரிஞ்சிருந்தாலும் அவர்கிட்ட போறதில்ல. நான் விறைப்பா இருந்த நாலு மாசத்துல எனக்கு நடந்தது அப்படியே இதுதான். சந்தேகத்தை என்னைத் தவிர எல்லார்கிட்டயும் கேட்டுருக்காங்க.

அதனால உங்க இலக்கை சின்னதா வச்சுக்கோங்க. கெட்ட செய்தியைக்கூட உங்ககிட்ட வந்து சொல்ற அளவுக்குப் பிடிச்சிருந்தா போதும், பர்த்டே பார்ட்டிக்குக் கூப்பிடற அளவுக்குப் பிடிக்கணும்னு அவசியமே இல்ல.

2. பொறுப்பு ஏத்துக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டிய பேப்பர்கள்

இதுக்கும் பிடிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. டீம்ல ஒருத்தர் முகம் சுருங்கற இடம் பெரும்பாலும் "சரி"ன்னு சொல்லிட்டு அப்புறம் "இல்ல, முடியாதாம்"னு திரும்பி வந்து நிக்கறதுதான். அது நடக்கறதே உங்க அதிகாரம் எதுவரைன்னு உங்களுக்கே தெரியாததால. அதனால கீழ சொல்றதை எல்லாம் வாயால கேட்டுட்டு விடாதீங்க, மெயில்ல வாங்குங்க.

அதிகார எல்லை: எத்தனை நாள் லீவ் நீங்களே அப்ரூவ் பண்ணலாம், ஷிப்ட் மாத்தலாமா, வீட்ல இருந்து வேலை செய்ய நீங்களே அனுமதி தரலாமா, ரேட்டிங் கடைசி முடிவு உங்களுதா இல்ல மேல மாத்துவாங்களா. மேனேஜருக்கு ஒரே ஒரு மெயில், நாலு கேள்வி. பதில் வர ஒரு வாரம்கூட ஆகும், அதனால ப்ரமோஷன் லெட்டர் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அனுப்பிடுங்க.

பழைய லீட் கொடுத்த வாக்குறுதி லிஸ்ட்: நான் மாட்டினது இதுலதான். எனக்கு முன்னாடி இருந்தவர் ஒருத்தருக்கு "அடுத்த சைக்கிள்ல உனக்கு ப்ரமோஷன்"னு வாயால சொல்லியிருக்கார், இன்னொருத்தருக்கு ரெண்டு மாசம் கழிச்சு மூணு வாரம் லீவ்னு சொல்லியிருக்கார், ரெண்டும் எங்கயும் எழுதல. நான் வந்ததும் அது ரெண்டும் என் தலையில விழுந்துச்சு. அவங்களைப் பொறுத்தவரை வாக்கு மாறினது நான்தான். அதனால பழைய லீட் கூட ஒரு மணி நேரம் உக்காந்து பேர் பேரா கேளுங்க: "இவருக்கு ஏதாவது சொல்லி வச்சிருக்கீங்களா?" கேட்டதை எழுதி அவருக்கே மெயில் போட்டு "சரிதானே"ன்னு உறுதி பண்ணிக்கோங்க.

போன ரெண்டு அப்ரைசல் சுருக்கம், நடப்பு வருஷ லீவ் சார்ட், ஹெச்ஆர் லீவ் பாலிசி (முழுசா படிங்க, நான் படிக்காம எனக்கு இல்லாத அதிகாரத்துல ரெண்டு தடவை லீவ் கொடுத்து மாட்டிக்கிட்டேன்), உங்களுக்கே உங்க வேலைன்னு என்ன எழுதியிருக்குன்னு ஒரு காப்பி. இவ்வளவு போதும்.

3. முதல் வாரம்: நேத்து வரைக்கும் ஃப்ரெண்டா இருந்தவங்க

டீம் முழுக்க சேர்ந்து ஒரு மீட்டிங் வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேர்கிட்ட தனியாப் பேசிடுங்க. ஒருத்தர், இதே போஸ்ட்டுக்கு ட்ரை பண்ணி கிடைக்காமப் போனவர். இன்னொருத்தர், டீம்ல உங்களுக்கு ரொம்ப நெருங்கின ஃப்ரெண்ட்.

போஸ்ட் கிடைக்காதவர்கிட்ட ஆறுதல் சொல்லாதீங்க, அது எரியற தீயில எண்ணெய். நான் "உங்களுக்குத்தான் கிடைச்சிருக்கணும்"னு ஒரு வார்த்தை சொன்னேன், தன்னடக்கம்னு நினைச்சு. மறுநாள் அது டீம் முழுக்க "அவளே சொல்லிட்டா"ன்னு சுத்துச்சு. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நீங்களும் அப்ளை பண்ணியிருந்தீங்கன்னு தெரியும். இந்த மூணு விஷயத்துல உங்க அளவுக்கு எனக்குத் தெரியாது, அதை நீங்க பார்த்துக்கணும்னு நினைக்கறேன், யோசிச்சு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க." அந்த மூணு விஷயமும் நிஜமா பெருசா இருக்கணும், மீட்டிங் ரூம் புக் பண்ற வேலையைக் கொடுத்து வச்சா அவருக்குப் புரியாதுன்னு நினைக்காதீங்க.

ஃப்ரெண்ட்கிட்ட பேசறது இதைவிடக் கஷ்டம். "வெளியில நாம எப்பவும் போலத்தான், ஆனா டீம்ல யாரைப் பத்தியும் இனிமே உன்கிட்ட நான் பேச மாட்டேன், நீயும் என்கிட்ட கேக்காத"ன்னு நேராச் சொல்லிடுங்க. ஒரு மாசம் முகம் தூக்கி வச்சுக்குவாங்க. பரவாயில்ல.

வாட்ஸ்அப் குரூப் விஷயம்: வேலைக்கான குரூப்ல இருங்க, புலம்பல் குரூப்ல இருந்து முதல் வாரமே வெளிய வந்துடுங்க, அதுவும் சொல்லிட்டு வாங்க. "நீங்க ஃப்ரீயா பேச இடம் வேணும், நான் இருந்தா முடியாது"ன்னு ஒரு வரி போட்டாப் போதும். நான் வெளிய வராம ரெண்டு மாசம் இருந்தேன், அந்தக் குரூப் செத்துப்போச்சு, பக்கத்துல நான் இல்லாத புதுக் குரூப் ஒண்ணு முளைச்சிருந்துச்சு.

கூப்பிடற முறையைப் பத்தி நிறைய பேர் கேப்பாங்க. நேத்து வரைக்கும் 'நீ வா போ'ன்னு கூப்பிட்டவர் இன்னைக்கு 'மேடம்'னு ஆரம்பிச்சா தடுங்க, பழசே போதும்னு சொல்லுங்க. ஆனா நீங்க ஒருத்தரை 'டா' போட்டுக் கூப்பிட்டு இன்னொருத்தரை 'நீங்க'ன்னு கூப்பிட்டா மீட்டிங்ல உக்காந்திருக்கிற எல்லாரும் அதை எண்ணிக்கிட்டுத்தான் இருப்பாங்க. மீட்டிங்குக்குள்ள எல்லாருக்கும் ஒரே முறை வச்சுக்கோங்க.

முக்கியமா, இந்த வாரம் எதையும் மாத்தாதீங்க. எட்வின் ஹாலண்டர்னு ஒரு உளவியல் அறிஞர் 1958லயே இதைச் சொல்லிட்டார்: ஒருத்தர் குழுவோட வழக்கத்துக்கு ஒத்துப்போயும் வேலையில கைகொடுத்தும் கொஞ்சம் கொஞ்சமா நம்பிக்கைக் கணக்கைச் சேர்க்கிறார், அப்புறம் புதுசா எதையாவது மாத்தும்போது அதுல இருந்துதான் எடுத்துச் செலவு பண்றார். சேர்க்காம எடுத்தா என்ன ஆகும்னு சொல்லணுமா.

4. ரெண்டாவது வாரத்துல இருந்து: ஒன் ஆன் ஒன்

செலவு இங்கதான் ஆரம்பிக்குது, பணம் இல்ல, நேரம். எட்டு பேர்கூடயும் தனித்தனியா உக்காந்து பேச ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம்னா ரெண்டு வாரத்துக்கு நாலு மணி நேரம். ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் அஞ்சு நிமிஷம் குறிப்பு எழுதணும், அது ஒரு நாப்பது நிமிஷம். "எனக்கு ஏது நேரம்"னு நானும் சொன்னவதான், அந்த நாலு மணி நேரத்தை மிச்சம் பிடிச்சு அப்புறம் ரெண்டு பேர் பேப்பர் போட்டதும் புது ஆளுங்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்க ரெண்டு மாசம் செலவு பண்ணேன்.

என்ன பேசறது? வேலை ஸ்டேட்டஸ் கேக்காதீங்க, அதுக்கு வேற மீட்டிங் இருக்கு. மூணே கேள்வி: எது உங்க வேலையை நகர விடாம இழுத்துப் பிடிச்சிருக்கு, நான் எதை நிறுத்தணும், அடுத்த ஆறு மாசத்துல என்ன கத்துக்கணும். முதல் தடவை "ஒண்ணும் இல்ல, எல்லாம் நல்லா போகுது"ன்னுதான் வரும், ரெண்டாவது தடவையும் அதேதான், மூணாவது தடவைதான் வாய் திறப்பாங்க, அதனால ரெண்டு தடவைலயே சலிச்சுப் போய் நிறுத்திடாதீங்க.

பதில் சொன்னதும் அதுல இருந்தே அடுத்த கேள்வி கேளுங்க. ஹார்வர்ட்ல 2017ல வந்த ஆராய்ச்சியில, பேச்சுக்கு நடுவுல கேள்வி கேக்கறவங்களை எதிராளிக்கு அதிகமாப் பிடிக்குதுன்னும், அதுலயும் சொன்னதை ஒட்டி தொடர்ந்து கேக்கற கேள்விக்குத்தான் பலன்னும் பார்த்திருக்காங்க. இதை ட்ரிக்கா பண்ணா கண்டுபிடிச்சிடுவாங்க, நிஜமாக் காது கொடுத்தாத்தான் தொடர் கேள்வியே வரும்.

குறிப்பு நோட்டுல ரெண்டு பத்தி போடுங்க: அவர் கேட்டது, நான் செய்யறேன்னு சொன்னது. ரெண்டாவது பத்தியை அடுத்த மீட்டிங் தொடக்கத்துல நீங்களே வாசிச்சு "இது முடிஞ்சுது, இது முடியல, காரணம் இது"ன்னு சொல்லுங்க. எனக்கு டீம்ல பேர் திரும்பி வந்ததுக்கு ஒரு காரணம் சொல்லுன்னா இதைத்தான் சொல்வேன். இந்த நோட்டை டீம் ஃபோல்டர்ல போட்டு வைக்காதீங்க, ஒருத்தர் வீட்டு விஷயம்கூட அதுல இருக்கும்.

பொறி: கேன்சல் பண்றது. மாத்தி வைக்கலாம், கேன்சல் கூடாது. யாருக்கு அதிகமா கேன்சல் ஆகுதுன்னு பார்த்தா அது எப்பவும் அமைதியா இருக்கிற ஆளுக்குத்தான் ஆகியிருக்கும்.

5. லீவ், ஷிப்ட், சலுகை: ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு

கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், ஏன்னா நான் விழுந்த குழி இதுதான்.

உளவியல் அறிஞர் டேவிட் மெக்லெலண்டும் அவர்கூட டேவிட் பர்ன்ஹாமும் 1976ல மேனேஜர்களைப் பத்தி எழுதினதைப் படிச்சப்ப எனக்கு முகத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. எல்லாருக்கும் தன்னைப் பிடிக்கணும்னு ஆசைப்படற மேனேஜருக்குக் கீழதான் டீமோட மனநிலை மோசமா இருந்துச்சாம். காரணம் ரொம்ப சிம்பிள். தனித்தனியா ஒவ்வொருத்தர் கஷ்டத்தைக் கேட்டு விதியைத் தளர்த்திக்கிட்டே போறார், அந்தச் சலுகை கிடைக்காதவங்க "எனக்கு மட்டும் ஏன் இல்ல"ன்னு நினைக்கறாங்க, கிடைச்சவங்களுக்கும் நாளைக்குக் கிடைக்குமான்னு தெரியாது. விதின்னு ஒண்ணு இருக்கறதே யாருக்கும் தெரியாமப் போயிடுது.

நான் பண்ணதும் அச்சு அசல் அதேதான். ஒருத்தருக்கு வீட்ல பிரச்னை, காலையில ஒரு மணி நேரம் லேட்டா வரேன்னு கேட்டார், சரின்னேன், யார்கிட்டயும் சொல்ல வேணாம்னும் சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தைதான் தப்பு. மூணு வாரத்துல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, காரணம் மட்டும் தெரியல, அதனால அவங்களா ஒரு காரணம் கட்டிக்கிட்டாங்க: அவன் நல்லா ஐஸ் வைக்கிறான். பாவம், சலுகை வாங்கினவருக்கும் ஜால்ரான்னு பேர் வந்துச்சு, அந்த நேரத்துல வர்ற போனை எல்லாம் எடுத்துச் சமாளிச்சவருக்கு ஒரு நன்றிகூட நான் சொல்லல. அவர்தான் முதல்ல பேப்பர் போட்டவர்.

இப்போ நான் செய்யறது இது. சலுகை கேட்டா உடனே சரின்னும் சொல்றதில்ல, இல்லன்னும் சொல்றதில்ல, "நாளைக்கு இதே நேரம் சொல்றேன்"னு சொல்வேன். அந்த ஒரு நாள்ல மூணு விஷயம் பார்ப்பேன்: எனக்கு அதிகாரம் இருக்கா, இதனால யாரோட வேலை கூடுது, இதே காரணத்தோட மத்த ஏழு பேர்ல யார் வந்தாலும் இதையே கொடுப்பேனா. மூணாவதுக்கு "இல்ல"ன்னு பதில் வந்தா அது சலுகை கிடையாது, செல்லம்.

கொடுக்கறதா முடிவு பண்ணா ரெண்டு வரி மெயில்: என்ன, எந்தத் தேதி வரைக்கும். தேதி இல்லாத சலுகை உரிமையா மாறிடும், அப்புறம் திரும்ப எடுக்கும்போது நீங்கதான் வில்லி. காரணம் டீமுக்குத் தெரியணும்னு இல்ல, அது அவரோட சொந்த விஷயம், ஆனா ஏற்பாடு தெரியணும்: "இந்த மாசக் கடைசி வரைக்கும் இவர் 10 மணிக்கு வருவார், அந்த ஒரு மணி நேரம் போன் இன்னொருத்தர் எடுப்பார், பதிலுக்கு வெள்ளிக்கிழமை சாயந்திர ஷிப்ட்ல இருந்து அந்தப் போன் எடுக்கறவருக்கு விடுதலை." வேலை கூடினவருக்கும் ஏதோ ஒண்ணு திரும்பக் கிடைச்சிருக்குன்னு எல்லாரும் பார்க்கணும்.

லீவ் சார்ட்டை எல்லாரும் பார்க்கற இடத்துல போடுங்க. ஒரே நேரத்துல எத்தனை பேர் போகலாம், ரெண்டு பேர் ஒரே நாள் கேட்டா யாருக்கு முதல்ல, இதை டீமையே உக்கார வச்சு முடிவு பண்ணச் சொல்லுங்க. எங்க டீம் போட்ட விதி நான் போட்டிருக்கக்கூடியதைவிடக் கடுமையா இருந்துச்சு, ஆனா இன்னைக்கு வரைக்கும் அதைப் பத்தி ஒரு சண்டை வரல.

6. முடியாதுன்னு சொல்றது

சீக்கிரம் சொல்லுங்க. அடுத்த வேலை நாளுக்குள்ள. இழுத்தடிச்சா மனசு நோகாதுன்னு நினைச்சேன், ஆனா ஒரு வாரம் காத்திருந்துட்டு இல்லன்னு கேக்கறதுதான் அதிகம் நோகும்.

தீபோ, வாக்கர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1975ல கோர்ட் வழக்குகளை மாதிரியா வச்சுப் பண்ண ஆராய்ச்சியில ஒரு விஷயம் வந்துச்சு: தீர்ப்பு தனக்கு எதிரா இருந்தாக்கூட, தன் பக்கத்தைச் சொல்ல இடம் கிடைச்சா ஜனங்க அந்த நடைமுறையை நியாயம்னு ஏத்துக்கறாங்க. ஆபீஸுக்கும் அதுதான். முழுசாக் கேளுங்க, கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்க, அப்புறம் இல்லன்னு சொல்லுங்க, காரணம் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அஞ்சு காரணம் சொன்னா அதுல வலுவில்லாத ஒண்ணைப் பிடிச்சு வாதம் பண்ணுவாங்க.

பொறி: "எனக்கு ஓகேதான், மேனேஜ்மெண்ட்தான் ஒத்துக்கல." நல்ல பிள்ளைன்னு பேர் வாங்க இதைவிட ஈஸியான வழி இல்ல, நானும் பல தடவை இதைச் சொல்லித் தப்பிச்சேன். ஒரு நாள் டீம்ல ஒருத்தி கேட்டா, "அப்போ அக்கா, நீங்க எதுக்கு இருக்கீங்க? நாங்க நேரா அவங்ககிட்டயே கேட்டுக்கறோமே." பதில் இல்ல.

7. தப்பைச் சொல்றது

நடந்து 48 மணி நேரத்துக்குள்ள, தனியா, பத்து நிமிஷம். சாட்ல எழுதாதீங்க, எழுத்துக்குக் குரல் கிடையாது. நல்லது சொல்லி நடுவுல தப்பைச் சொருகி மறுபடி நல்லது சொல்ற வேலையும் வேண்டாம், அதுக்கப்புறம் நீங்க எப்போ பாராட்டினாலும் "அடுத்து என்ன வருதோ"ன்னு காத்திருப்பாங்க.

நான் சொல்ற மாதிரி: "நேத்து ரிப்போர்ட்ல ரெண்டு நம்பர் தப்பாப் போயிருந்துச்சு. கிளையண்ட் கண்டுபிடிச்சுக் கேட்டாங்க, நான் மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டேன். என்ன நடந்துச்சு?" அதோட வாயை மூடிக்கணும். அந்த மௌனம் ரொம்பச் சங்கடமா இருக்கும், ஆனா அதை நிரப்ப வேண்டியது அவங்கதான். "நீ எப்பவுமே இப்படித்தான்"னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா முடிஞ்சுது, பேச்சு ரிப்போர்ட்டை விட்டுட்டு அவங்க குணத்துக்குப் போயிடும்.

8. உங்க தப்பை ஒத்துக்கறது, ஆனா எப்போ?

எலியட் ஆரன்சன்னு ஒரு உளவியல் அறிஞர் 1966ல ஒரு சோதனை பண்ணார். க்விஸ்ல ஏறக்குறைய எல்லாத்துக்கும் சரியா பதில் சொன்ன ஒருத்தர் தன் மேலயே காபியைக் கொட்டிக்கிட்டுத் தடுமாறினா, கேக்கறவங்களுக்கு அவரை இன்னும் அதிகமாப் பிடிச்சுது. சுமாரா பதில் சொன்ன ஆள் அதே மாதிரி தடுமாறினா பிடிக்கிறது குறைஞ்சுது. அதாவது, வேலை தெரிஞ்சவர்னு பேர் இருந்தாத்தான் தடுமாற்றம் அழகு.

அதனால முதல் மாசத்துல டீமை ரொம்ப நாளா படுத்தற ஒரு சின்னப் பிரச்னையை எடுத்து முடிச்சுக் கொடுங்க. எங்களுக்கு அது வேற டீம்ல இருந்து எப்பவும் லேட்டா வர்ற ஒரு அப்ரூவல், நான் நாலு மீட்டிங் போய் அதுக்கு ஒரு நாள் கெடு வாங்கிக் கொடுத்தேன். அதுக்கப்புறம் "இந்த எஸ்டிமேட் நான் தப்பாப் போட்டது, என் தப்பு"ன்னு மீட்டிங்ல சொன்னப்ப அது எடுபட்டுச்சு. சும்மா தினமும் "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா ஒரு மாசத்துல நம்பிடுவாங்க.

ஏமி எட்மண்ட்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஆஸ்பத்திரி வார்டுகள்ல மருந்துத் தப்புகளை எண்ணிப் பார்த்து 1996ல எழுதினாங்க. நல்ல தலைமை இருக்கிற வார்டுல தப்பு குறைச்சலா இருக்கும்னு நினைச்சா, அங்கதான் கணக்குல அதிகமா வந்துச்சு. அவங்க அதிகமாத் தப்பு பண்ணதால இல்லையாம், பயப்படாம வெளிய சொன்னதால. உங்க டீம்ல திடீர்னு பிரச்னை அதிகமாக் காதுக்கு வருதேன்னு பதறாதீங்க.

9. லீட் ஒரு பெண்ணா இருந்தா

2003ல கொலம்பியா பிசினஸ் ஸ்கூல்ல பேராசிரியர் ஃபிராங்க் ஃப்ளின் மாணவர்களுக்கு ஒரு தொழில்முனைவரைப் பத்தின ஒரே கேஸ் ஸ்டடியை ரெண்டு விதமாக் கொடுத்தார், பாதிப் பேருக்கு ஹைடின்னு பெண் பேர், மீதிப் பேருக்கு ஹவர்ட்னு ஆண் பேர். மத்ததெல்லாம் ஒண்ணுதான். திறமை ரெண்டு பேருக்கும் சமம்னாங்க மாணவர்கள், ஆனா ஹவர்டைப் பிடிச்சிருந்த அளவுக்கு ஹைடியைப் பிடிக்கல. என் டீம்லயும் நான் கெடு வச்சா 'கோவக்காரி', முன்னாடி இருந்தவர் அதையே பண்ணப்ப 'கறார்'.

இதுக்கு மருந்து என்கிட்ட இல்ல. உதவினது ரெண்டு. ஒண்ணு, முடிவை அளவுகோலோட சேர்த்து எழுதி வச்சுட்டா பேச்சு என் குணத்தை விட்டுட்டு அளவுகோல் பக்கம் போகுது. இன்னொண்ணு, மீட்டிங் குறிப்பு எழுதறது, பர்த்டே ஏற்பாடு, புதுசா வந்தவருக்குச் சுத்திக் காட்டறது மாதிரி வேலை எல்லாம் "நீங்கதான் நல்லாப் பண்ணுவீங்க"ன்னு நம்மகிட்ட வந்து சேரும், அதை மாத்தி மாத்திச் செய்யற மாதிரி ஒரு லிஸ்ட் போட்டு ஆண் பெண் எல்லார் பேரையும் சுத்த விட்டேன். ஆண் லீடா இருந்து இதைப் படிக்கறீங்கன்னா அந்த லிஸ்ட்டை நீங்களும் போடுங்க.

10. அப்ரைசல்: எல்லாருக்கும் ஒரே மார்க் போடாதீங்க

ஒரே ரேட்டிங் போட்டா யாருக்கும் வருத்தம் இல்லன்னு நினைச்சேன். நல்லா வேலை பார்க்கிறவருக்கு அதுதான் பெரிய அவமானம், சுமாரா பார்க்கிறவருக்கும் சந்தோஷம் எல்லாம் இல்ல, அவர் அதைத் தன் சரியான மார்க்னுதான் எடுத்துக்கிட்டார்.

வேண்டிய டாக்குமெண்ட் ஒண்ணுதான்: வெள்ளிக்கிழமை சாயந்திரம் 15 நிமிஷம் ஒதுக்கி, அந்த வாரம் யாரு என்ன செஞ்சாங்கன்னு ஆளுக்கு ஒரு வரி, தேதியோட. நல்லது கெட்டது ரெண்டும். இது இல்லன்னா கடைசி ஒரு மாசம் நடந்தது மட்டும்தான் ஞாபகத்துல நிக்கும், அதுவும் யாரு நம்ம கண்ணுல அடிக்கடி படறாங்களோ அவங்களோடது. வீட்ல இருந்து வேலை பார்க்கிறவருக்கு இதுல பெரிய அநியாயம் நடக்கும்.

ரேட்டிங் போடறதுக்குக் குறைஞ்சது ரெண்டு மாசம் முன்னாடி "இப்படியே போனா இந்த ரேட்டிங்தான் வரும்"னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிடுங்க, மாத்திக்க டைம் இருக்கணும். மேல இருந்து ரேட்டிங்கை மாத்தினாங்கன்னா அதை நீங்களே போய்ச் சொல்லுங்க, லெட்டர்ல பார்த்துத் தெரிஞ்சுக்க விடாதீங்க.

11. மொத்தம் எவ்வளவு நேரம், எப்போ தெரியும்

ஒன் ஆன் ஒன் வாரத்துக்கு ரெண்டு மணி நேரம், குறிப்பு 20 நிமிஷம், வெள்ளிக்கிழமை 15 நிமிஷம், திடீர்னு வர்ற பேச்சுக்கு ஒரு மணி நேரம். கூட்டினா வாரத்துக்குச் சுமார் மூணரை மணி நேரம். இதை முதல் மாசமே மேனேஜர்கிட்ட சொல்லி உங்க பழைய வேலையில அந்த அளவு குறைச்சு வாங்கிடுங்க. பழைய வேலை முழுசும் இதுவும் சேர்த்துன்னா ரெண்டாவது மாசமே எரிஞ்சு விழ ஆரம்பிப்பீங்க, அப்புறம் மேல சொன்னது எதுவும் வேலைக்கு ஆகாது.

30 நாள்ல ஒண்ணும் தெரியாது. 60 நாள் வாக்குல ஒன் ஆன் ஒன்ல ஒருத்தராவது "நீங்க பண்றது எனக்குப் பிடிக்கல"ன்னு நேராச் சொல்லியிருக்கணும். யாருமே சொல்லலைன்னா கொஞ்சம் கவலைப்படுங்க. 90வது நாள் உங்க மேனேஜரை டீம் கூட நீங்க இல்லாம அரை மணி நேரம் பேசச் சொல்லுங்க, யாரு சொன்னாங்கன்னு வேணாம், என்ன சொன்னாங்கன்னு மட்டும் கேளுங்க. வந்து சொல்றப்போ எதிர்வாதம் பண்ணாம எழுதிக்கோங்க, ஒரு வாரத்துக்குள்ள அதுல ஒண்ணையாவது மாத்தி, "இதை நீங்க சொன்னதாலதான் மாத்தினேன்"னு டீம்ல சொல்லுங்க.

எட்டு பேர்ல ஒருத்தருக்கு அப்பவும் உங்களைப் பிடிக்காது. எனக்கும் ஒருத்தர் இருக்கார், மூணாவது வருஷம் போகுது, இன்னும் என்கிட்ட சிரிச்சுப் பேசினது இல்ல. ஆனா போன மாசம் ரிலீஸ் அன்னைக்கு ராத்திரி 11 மணிக்கு முதல் போன் அவர்கிட்ட இருந்துதான் வந்துச்சு: "ஒண்ணு தப்பாப் போயிருக்கு, நான்தான் பண்ணேன், இப்பவே நிறுத்திடலாமா?"